பாவனை விளையாட்டும் மாணவர் துணிவும்



விடை அறிந்திருந்தும் எழுந்து கூற அஞ்சும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். பிழைபடின் எள்ளப்படுவோம் என்னும் அச்சமே அவர்தம் நாவைக் கட்டுகின்றது. இவ்வச்சத்தை நீக்கவல்ல ஒரு முறையைப் பற்றிச் சில கூறுவேன்.

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரில், 1971ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சியிலிருந்த டான் ராவிட்ச் என்பார்க்கு, மேற்றிசை சென்று குடியேறியோர் வரலாற்றைக் கற்பிக்கும் கடமை வாய்த்தது. தாளில் வழிப்படம் வரைந்து, பகடையுருட்டி ஆடும் ஆட்டமொன்றை அவர் வகுத்தார். நண்பர்களாகிய பில் ஹைனிமன், பால் டில்லன்பர்கர் இருவரும் அதனை இரு வாரத்திற் கணிப்பொறி விளையாட்டாக்கினர். 'ஆரிகன் டிரெயில்' என்பது அதன் பெயர். அப்பொழுது திரையில்லை, தட்டச்சுப் பொறி காகிதத்திற் செய்தியை அச்சிடும்.

மாணவர் தம்மை 1847இல் மாட்டுவண்டியேறி ஏறத்தாழ 2,000 மைல் செல்வோராகப் பாவித்தல் வேண்டும். எருதுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு எனக் கைப்பொருளைப் பகுக்க வேண்டும். உடையிற் சிக்கனஞ் செய்தோர் மலைக்குளிரில் நோயுறுவர், மடிதலும் உண்டு. ஆயினும் மடிந்தவர் மறுமுறை புறப்படலாம்! அந்த மறுமுறையன்றோ நம் பள்ளிகளில் அரிதாயிருப்பது? குழுவாகக் கூடி ஆடுங்கால், வாய் திறவாதவனும் "உணவு போதாது" என்று சொல்லியே தீரவேண்டும். இன்றேல் வண்டி நின்றுவிடும்.

1974இல் மினசோட்டாக் கல்விக் கணிப்பொறி நிறுவனத்திற் சேர்ந்தபின், ராவிட்ச் அக்காலத்தார் நாட்குறிப்புகளைப் பயின்று, இடர்கள் நேரும் அளவையும் திருத்தினார். எனினும் அந்நிலத்துத் தொல்குடிகள் இழந்தவற்றை வண்டியிலிருந்து நோக்குவோன் காணான். அதனை ஆட்டம் முடிந்தபின் ஆசிரியரே வினவுதல் வேண்டும்.

பொறி வாங்கப் பொருளில்லையே என்பீர்களாயின், முதலில் அவர் வகுத்ததும் தாளும் பகடையுமே.