போந்தை வரை ஓடிய கால்கள்



ஊரறிந்த ஒருவன்மீது இளம்பெண் மனம் வைப்பதும், அவனை நெருங்கும் வாய்ப்புக் கைக்கெட்டும் தொலைவில் வந்து நழுவிப்போவதும் திரைப்படக் காலத்தில் தோன்றிய உணர்வுகள் எனக் கருதுவோர் உளர். புறநானூற்றைப் பயின்றோர் அவ்வாறு கருதார். 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் 83, 84, 85 ஆம் பாடல்கள் இவ்வுணர்வையே பொருளாகக் கொண்டவை. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பாடப்பெற்றவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி.

கோழி என்பது உறையூர். நாய்கன் என்பது வணிகனைக் குறிக்கும் சொல். கிள்ளியோ ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியவன். அவ்வெற்றியைச் சாத்தந்தையார் 80ஆம் பாடலில் பாடியுள்ளார். ஊர் திரண்டு பார்த்த அவ்வீரனை ஒரு பெண் எங்கிருந்து பார்த்தாள் என்பதே நக்கண்ணையார் பாடல்கள் காட்டும் செய்தி.

முதற் பாடலில் இரண்டு தடைகள் உள்ளன. வளை நெகிழ்வதைக் கண்டுகொள்வாளோ என அன்னைக்கு அஞ்சுகிறாள். அவன் தோளைத் தழுவ விழைந்தாலும் அவைக்கு நாணுகிறாள். ஒருபாற் படாமல் இருவேறாகப் பிரிந்து நிற்கும் ஊரும் தன்னைப் போலவே நடுங்கட்டும் என்கிறாள். இரண்டாம் பாடலில் தொலைவு மேலும் குறைகிறது. புல்லிய கூழை உண்டும் அவன் தோள் பெருத்திருக்கிறது. அவனது சிறைப்புறத்தே இருந்தும் அவள் மேனி பசலையால் பொன்னிறம் கொள்கிறது. இடையிலிருப்பது ஒரு சுவர்தான். ஆயினும் அதைக் கடக்க இயலவில்லை.

மூன்றாம் பாடலில் மற்போர் நிகழ்கிறது. அவ்வூரும் அந்நாடும் அவனுடையன அல்ல. ஆதலின் வென்றான் என்கின்றனர் ஒரு சாரார். வெல்லவில்லை என்கின்றனர் மறு சாரார். அவள் சிலம்பு ஒலிக்க ஓடுகிறாள். கால்கள் களத்துக்குச் செல்லவில்லை. தன் வீட்டுப் போந்தை மரத்தடியில் நின்றுவிடுகின்றன. மரத்தைச் சார்ந்து நின்றே அவன் வெற்றியைக் காண்கிறாள்.

அன்பின் மிகுதியால் மட்டும் அக்கால்கள் நின்றுவிட்டன எனக் கொள்வது பொருந்தாது. பார்த்தறியாத கோப்பெருஞ்சோழன்மேல் நட்புக் கொண்ட பிசிராந்தையார், பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு, அவன் வடக்கிருந்த இடத்தை அடைந்தார். அவருக்கு ஒரு நாட்டெல்லை தடையாகவில்லை. இவளுக்கு வீட்டெல்லையே தடையாயிற்று. அன்பில் இருவரும் குறைந்தவரல்லர். நடக்க இருந்த வழியே வேறு.

பிற்காலத்தில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவிலும் ஏழு பருவ மகளிர் மன்னனைக் கண்டு மயங்குகின்றனர். அங்கே மகளிரின் ஏக்கம் மன்னன் புகழுக்கு அணியாகிறது. அதைச் சொல்பவர் அவைக்களப் புலவர். நக்கண்ணையாரின் பாடல்களும் மன்னனைப் புகழ்வனவே. ஆனால் அவற்றில் அஞ்சுவதும் நாணுவதும் ஓடுவதும் காண்பதும் பாடுகின்ற பெண்ணே. கைக்கிளையை ஒருதலைக் காமம் என்று எளிதில் ஒதுக்கிவிடுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

களத்தருகே நின்றோர் இருவேறு கூறினர். அவர்தம் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. கிள்ளியின் தோளைத் தழுவும் பேறு நக்கண்ணையாருக்கு வாய்த்ததாக இம்மூன்று பாடல்களும் கூறவில்லை. எனினும் அம்மற்போரின் முடிவை மரத்தடியில் நின்றவளின் சொல்லைக்கொண்டும் இன்று நாம் அறிகிறோம். பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் இவ்வவையினர் அவளுக்குச் செய்யத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. இன்னும் மரத்தடியிலேயே நிற்கும் பெண்களை அழைத்து, இம்மேடையில் அவர்களுக்கு இடந்தருவதே அது.