நாட்களை விற்காத வாழ்வு

(புளியறையில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



எளிய வாழ்வையும் காலத்தின் அருமையையும் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் அடியேனைப் பணித்தனர். இதற்குத் திருஷ்டாந்தம் தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர் ஆலயத்தில் தக்ஷிணாமூர்த்தியைத் தரிசிக்க ஏறும் படிகள் 27. அவை 27 நக்ஷத்திரங்களைக் குறிப்பன என்பர். சந்திரன் வானை ஒருமுறை சுற்றிவரும் நாட்களும் ஏறக்குறைய அத்தனையே. ஆகவே, ஒரு படியை ஒரு நாளெனக் கொள்ளலாம். ஏறி முடித்தவிடத்தில் வீற்றிருக்கும் ஆசிரியரோ, வாய் திறவாது போதிப்பவர். அவர் முன் நின்று, "கழிந்த நாட்களை என் செய்தோம்?" என்று நம்மை நாமே வினவுதல் தகும்.

1904-ஆம் ஆண்டில் கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஆரியங்காவுக் கணவாயை மாட்டு வண்டியில் கடந்த நம் முன்னோரின் பிரயாண காலம் அன்றே வெகுவாகச் சுருங்கிற்று. 2018-ல் அஃது அகலப்பாதையாகவும் ஆயிற்று. அவ்விதம் மிச்சமான காலம் எங்கே? "அவகாசமில்லை" என்பதன்றோ நம் இல்லங்களில் ஓயாத பேச்சு!

இதன் காரணத்தை என் சொந்த அனுபவத்தால் அறிந்தேன். மூத்த மகள் விவாகத்தை ஊரார் மெச்ச நடத்த விரும்பிக் கடன்பட்டேன். பந்தலும் மேளமும் ஒரே நாளில் முடிந்தன. கடன் தீர ஒன்பது வருஷங்களாயின. காரும் பிசானமும் நன்றாகவே விளைந்தன. நெல்லோ களத்திலிருந்தே வட்டிக்குச் சென்றது. பேரன் நடைபயின்றதைக்கூட நான் கண்ணாரக் கண்டு மகிழவில்லை. கடன் வாங்குபவன் இனி வரவேண்டிய தன் நாட்களை முன்னதாகவே விற்றுவிடுகிறான் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

நிற்க. எளிமை என்பது உலோபமன்று. பசித்தோர்க்கு அன்னமும், பிள்ளைகட்குக் கல்வியும் குறையலாகாது. பிறர் கண்ணுக்காகச் செய்யும் செலவை நீக்குதலே எளிமை. அதனால் மீள்வது பணம் மட்டுமன்று; பெற்றோருடன் அமரவும், தனித்திருந்து சிந்திக்கவும் உரிய பொழுதும் மீளும்.

ஆதலின், அடுத்த விவாகத்துக்கென்று கடன்பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அந்த 27 படிகளையும் மெல்ல ஏறுங்கள். படிதோறும், "இந்த நாளை யாருக்கு விற்கப் போகிறேன்?" என்று கேளுங்கள். யானும் அவ்வாறே கேட்டுக்கொண்டு, இளைய மகள் விவாகத்தை வீட்டு முற்றத்திலேயே நடத்தினேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.