ஜேர்சி தந்தது யார்?



1996 மார்ச் 17. லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கினார். அந்தக் கிண்ணத்தின் பெயர் நினைவிருக்கிறதா? வில்ஸ் உலகக் கிண்ணம். வில்ஸ் என்பது சிகரெட்டின் பெயர். அன்று எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2006இல், இலங்கையில் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் கூடாது, அவற்றின் பெயரால் விளையாட்டுக்கு அனுசரணை கூடாது, 21 வயது நிரம்பாதவருக்கு விற்கவும் கூடாது. நல்ல சட்டம். நான் கைதட்டி வரவேற்றேன். ஆனால் கடலுக்கு அப்பால் நடக்கும் ஐ.பி.எல். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வருகிறது. றோயல் சலஞ்சர்ஸ் என்ற அணியின் பெயர் ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து எடுத்தது. அந்தச் சிவப்பு ஜேர்சியோடு உட்துறைமுக வீதியில் சைக்கிள் ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது.

தூரத்துக் கதை போதும். என் கதையைச் சொல்கிறேன்.

நான் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் உதைபந்தாட்ட அணிக்கு ஜேர்சி தைத்துத் தந்தார். நெஞ்சில் ஒரு பெயரும் இல்லை. அதனால் சட்டத்துக்கு முரணில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறுதியாட்டம் வென்றோம். அன்று பின்னேரம் கடற்கரையில் ஓர் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. மீன் அடுக்கும் பெட்டி, வாடைகூடப் போகவில்லை. உள்ளே பியர் போத்தல்கள். எங்கள் கோல்காப்பாளனுக்கு அப்போது 16 வயது. போத்தலைக் கையில் வாங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

இன்று அவனுடைய தகப்பன் விட்டுப்போன வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. அவன் மாலையானால் தவறணையில் இருக்கிறான். அந்த ஒரு போத்தல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடியை வெற்றிக்குப் பரிசாக அவன் கையில் வைத்தவர்கள் நாங்கள்.

நியூசிலாந்தில் 1,279 விளையாட்டு வீரர்களிடம் கேட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் மதுத்துறையின் அனுசரணை பெற்றவர்கள். மற்றவர்களைவிட அவர்களிடம் ஆபத்தான குடிப்பழக்கம் கூடுதலாக இருந்தது. இலவசமாக மதுவே கிடைத்தவர்கள் நிலை இன்னும் மோசம்.

காசு வேண்டுமே, யார் தருவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பந்து, வலை, மத்தியஸ்தர் கூலி, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பஸ், எல்லாம் காசுதான். ஆனாலும் ஹாஷிம் அம்லாவை எண்ணிப் பாருங்கள். தென்னாபிரிக்க அணிக்கு ஒரு பியர் நிறுவனம் அனுசரணை தந்த காலத்தில், அந்தச் சின்னம் இல்லாத சட்டையோடுதான் அவர் துடுப்பெடுத்தாடினார். ஓட்டங்கள் குறையவில்லை.

கழகச் செயலாளர்களே, அடுத்த சுற்றுப்போட்டிக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது ஒரு வரி சேருங்கள்: மதுக்கடைப் பணம் ஏற்கப்படமாட்டாது, மைதானத்திலும் ஆட்டம் முடிந்த பின்னும் போத்தல் வராது. ஜேர்சிக்கு முதல் ஐயாயிரம் ரூபாய் இதோ என் கையில் இருக்கிறது. பொருளாளர் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.