எச்சரிக்கையின் வாயை அடைத்த கதை



புவனகிரி கடைத்தெருவில் கல்யாண மளிகைப் பட்டியலை நீட்டினால், கடைக்காரர் "குங்குமப்பூ விட்டுப்போச்சே?" என்பார். "அது இருந்தா போடுவோம், இல்லாட்டி வேணாம்" என்போம். நாலு தடவை கேட்டால், "சும்மா கட்டுங்கண்ணே" என்று வாயை அடைத்துவிடுவோம். அப்புறம் உப்பு விட்டுப்போனாலும் அவர் சொல்லமாட்டார். நானும் இதைத்தான் செய்தேன்.

ஹாஸ்கெல் மொழியில் கிளாஸ் என்பது அப்படி ஒரு பட்டியல். (அந்த மொழியின் 1992 அறிக்கையை எழுதியவர்களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ரிஷியூர் நிகிலும் ஒருவர்.) இன்ஸ்டன்ஸில் ஒரு மெத்தட் விடுபட்டு, கிளாஸிலும் அதற்கு டீஃபால்ட் இல்லையென்றால் ஜி.எச்.சி. கம்பைலர் எச்சரிக்கும், ஆனாலும் புரோகிராமைக் கட்டிக் கொடுத்துவிடும். எங்கள் கிளாஸில் ஒரு மெத்தட் சில கருவிகளுக்கு மட்டுமே தேவை. ஒவ்வொரு பில்டுக்கும் 40 எச்சரிக்கை. எரிச்சலில் மொத்தமாக அணைத்தேன். அடுத்த மாதம் ஒரு புதுக் கருவிக்கு அவசியமான மெத்தடே விட்டுப்போச்சு. கம்பைலர் மூச்சு விடவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தது.

விருப்ப மெத்தடுக்குக் கிளாஸிலேயே 'ஒன்றும் செய்யாதே' என்று டீஃபால்ட் எழுதினேன், அவசியமானதற்கு எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதினாலும் ஆபத்துதான். 'ஈக்யூ' கிளாஸில் சமம், சமமில்லை இரண்டின் டீஃபால்ட்டும் ஒன்றையொன்று கூப்பிடும்; இரண்டையும் விட்டால் முடிவில்லாமல் சுற்றும். பழைய ஜி.எச்.சி. இதைக் கண்டுகொள்ளாது. 2014-ல் 7.8 பதிப்பில் வந்த 'மினிமல்' குறிப்புதான் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்று கேட்கவைத்தது.

எச்சரிக்கையை மறுபடி போட்டேன். இன்னும் ரெண்டு இடத்தில் உப்பு இல்லை.