உழவாரமும் கல்லெழுத்தும்



நாவுக்கரசு நாயனார் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரப் படை. திருப்பதிகம் பாடிய அப்பெருமானே கோயில் முற்றத்துப் புல்லையும் செதுக்கினார். நாமோ பாட்டைப் பற்றிக்கொண்டோம், கருவியைக் கைவிட்டோம்.

கோபுரத்தில் பறவையிட்ட எச்சத்திலிருந்து அரசு முளைக்கிறது. முளையிலே கிள்ளுவார் இல்லையேல் அதன் வேர் கல்லிடுக்கில் இறங்கிச் சுவரைப் பிளக்கிறது. பெருங்கட்டடம் ஒரு நாளில் வீழ்வதில்லை. கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய திருக்காளத்தியில், கிருஷ்ணதேவராயர் 1516-இல் எடுப்பித்த இராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அதற்கு முன்னமே விரிசல் கண்டிருந்தது. புதிய கோபுரம் 2017-இல் குடமுழுக்குக் கண்டது உண்மையே. ஆயினும் ஐந்நூறு ஆண்டுப் பழமையை எந்தச் சிற்பி மீட்டுத் தருவார்?

இது புறக்கணிப்பால் வரும் கேடு. மற்றொன்று, 'பயன்' என்னும் பெயரால் வருவது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அணை ஊருக்கு நன்மையே. அந்நன்மைக்கு இராஜேந்திர சோழன் திருமதில்தான் விலையாக வேண்டுமோ?

அங்ஙனமாயின் பழையதைத் தொடவே கூடாதோ எனின், அன்று. மூவர் பாடல் பெற்ற திருமழபாடியை நோக்குங்கள். முதலாம் இராஜராஜன் தனது 28-ஆம் ஆட்சியாண்டில் அங்கிருந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்கப் பணித்தான். பிரிக்குமுன், சுவரிலிருந்த கல்வெட்டுக்களையெல்லாம் படியெடுத்துப் புத்தகத்தில் ஏற்றுமாறும் ஆணையிட்டான். அவன் மகன் இராஜேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. தந்தை காத்தான், மைந்தன் நிறைவேற்றினான். ஒருவன் விளக்குக்கு ஆடு விட்டதும், ஒருத்தி திருவமுதுக்கு நிலம் ஈந்ததும் கல்லிலன்றோ வாழ்கின்றன! அவர்தம் தருமத்தை அழிக்க முடிமன்னனும் துணியவில்லை.

நாம் செய்வது யாது? திருப்பணி என்று சொல்லி எழுத்தின்மேல் வண்ணம் பூசுகிறோம். மணலை வீசிக் கல்லைத் தேய்க்கிறோம். பழைய மண்டபத்தைப் பெயர்த்து வழவழப்பான ஓடு பதிக்கிறோம். புதுமை பளபளக்கிறது, பெயர்கள் மாய்கின்றன.

அன்பர்களே! உங்கள் ஊரில் திருப்பணி தொடங்குமுன் கல்லெழுத்தைப் படியெடுக்கச் செய்யுங்கள். தொல்லியல் அறிந்தாரைக் கேளுங்கள். பழுதுபார்த்து நிறுத்தக்கூடியதை இடிக்க ஒப்பாதீர்கள். நன்கொடை தர இயலாதார்க்கும் ஒரு தொண்டு உண்டு: மாதம் ஒருமுறை மதிலைச் சுற்றி வந்து, முளைத்த செடியை வேரோடு களையுங்கள். வேர் ஆழ்ந்துவிட்டதேல், வல்லாரைக் கொண்டு கல் அசையாமல் நீக்குங்கள். அப்பரடிகள் நமக்கு வைத்துச்சென்ற பணி அது.

திருச்சிற்றம்பலம்.