கொழும்பில் போடும் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

(லுணுகலைப் பிரதேசக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹொப்டன், அடாவத்த, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் இருந்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு வந்திருக்கிறீர்கள். வழக்கம்போல சம்பளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் இன்று துரையையும் கம்பனியையும் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். கொழும்புப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடுகிற அரசாங்கப் பொருளியலாளரைப் பற்றிப் பேசுவோம்.

அவர் கொழுந்து பறிப்பதில்லை, தேயிலை விற்பதுமில்லை. ஆனால் நாட்டில் ஏழை யார், விலைவாசி எவ்வளவு ஏறியது, நிவாரணம் எங்கே போக வேண்டும் என்று கேள்வி வந்தால் அவருடைய கணக்கைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வறுமைக் கணக்கைப் பார்ப்போம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் வீடுகளைத் தெரிந்தெடுத்து வருமானத்தையும் செலவையும் கேட்டு எழுதுகிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கைத் தருகிறது. ஒருவர் உயிர் வாழத் தேவையான சாப்பாட்டுக்கும் மற்ற அத்தியாவசியங்களுக்கும் மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கோடு போடுகிறார்கள். அதற்குக் கீழே செலவு செய்கிறவர் ஏழை.

2016இல் அந்தக் கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய். அதன்படி தோட்டத்தில் நூற்றுக்கு 8.8 பேர் ஏழைகள். 2019இல் கோடு 6,966 ரூபாய். அதன்படி தோட்டத்தில் நூற்றுக்கு 33.8 பேர் ஏழைகள். அதே ஆண்டில் நகரத்தில் 6 பேர், நாடு முழுவதும் 14.3 பேர்.

மூன்று ஆண்டில் நாம் நான்கு மடங்கு ஏழையாகிவிட்டோமா? இல்லை. 2002ஆம் ஆண்டு வாழ்க்கையை வைத்துப் போட்ட பழைய கோட்டை விட்டுவிட்டு, 2012/13 ஆய்வை வைத்துப் புதுக் கோடு போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. 2016இல் மாதம் 4,200 ரூபாயில் சீவித்தவர் பழைய கோட்டின்படி ஏழை இல்லை என்று எழுதப்பட்டார். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நமக்குத் தெரியும். கோடு போடுகிற கை நேர்மையான கையாகவே இருந்தாலும், பழைய கோடு நம்மை மறைத்துவிடும்.

அடுத்தது விலைவாசி. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியது. சாப்பாட்டுச் சாமான்களை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது முதல் எண். ஆனால் சம்பளத்தில் பெரும்பகுதி அரிசி, மா, பருப்பு, எண்ணெய்க்கே போகிற வீட்டுக்கு இரண்டாவது எண்தான் உண்மைக்குக் கிட்ட இருந்தது.

அப்போது நம் நாட்சம்பளம் 2021 மார்ச் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய். முந்தின வருடம் 513 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானை வாங்கத்தான் அந்த ஆயிரம் போதுமாக இருந்தது. சம்பளம் 1,350 ஆக 2024 செப்டம்பர் வரை காத்திருந்தோம்.

இப்போது நாமே ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். 1,350 ரூபாய்ப்படி 25 நாள் வேலை செய்தால் 33,750. சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் கையில் 31,050. கணவன், மனைவி இருவரும் ஒரு நாளும் விடாமல் வேலைக்குப் போனால் 62,100. 2024இல் வறுமைக் கோடு ஒருவருக்கு 16,000 ரூபாய்க்கு மேல். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 64,000க்கு மேல். வேறு வருமானம் இல்லாவிட்டால், இரண்டு பேர் முழு மாதமும் உழைத்த குடும்பம் 2024இல் அரசாங்கத்தின் கோட்டுக்கே கீழே நின்றது. அரைப் பேர் போட்ட நாளையும் வேலை கொடுக்காத நாளையும் இன்னும் கழிக்கவில்லை.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபாய் என்று சொன்னார்கள். அதில் 200 ரூபாய் அரசாங்கம் தருகிற வருகைக் கொடுப்பனவு. அதையும் இதே கொப்பியில், மாதத்தில் நமக்கு உண்மையாகக் கிடைக்கிற வேலை நாளால் பெருக்கிப் பாருங்கள். நாட்சம்பளம் மட்டும் தெரிந்தால் போதாது.

தோழர்களே, சம்பள நிர்ணய சபையில் முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, அரசாங்கம் நியமித்தவர்கள் என்று மூன்று பக்கமும் உட்காருகிறார்கள். அங்கே கஷ்டம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கணக்கை வைத்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, சம்பளத் துண்டையும் கடைக் கொப்பியையும் எறியாமல் மாதவாரியாக வைத்திருப்போம்.

இரண்டு, கணக்கெடுக்க வருகிறவரிடம் உள்ளதைச் சொல்வோம். வந்தவர் முன்னால் மானத்துக்காக "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லுவது நம் பழக்கம். தோட்டை அடகு வைத்து வாங்கிய அரிசியும் கணக்கில் அரிசிதான். அடகையும் கடனையும் நாம் சொன்னால்தான் அவர் எழுதுவார்.

மூன்று, உயர்தரத்தில் பொருளியல் எடுக்க விரும்புகிற பிள்ளையை, பெண் பிள்ளையானாலும், தடுக்காதீர்கள். பதினாறு வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பினால் மாதம் கொஞ்சம் காசு வரும். படிக்க வைத்தால், நாளை அந்தக் கோட்டைப் போடுகிற மேசையில் அரைப் பேர் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் இருப்பார். ஞாயிறு பின்னேர வகுப்புக்கு ஆசிரியர்களான நாங்கள் தயார். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் மூன்று மாதச் சம்பளத் துண்டைக் கொண்டுவாருங்கள். லுணுகலைக் கணக்கை நாமே எழுதிச் சங்கத் தலைமையிடம் கொடுப்போம்.