குதிரை எங்கே, தாத்தா?



குறுக்கெழுத்துப் போட்டி என்றதும் நம்மில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை நினைவுக்கு வரும். கட்டம், குறிப்பு, பேனா, பக்கத்தில் ஒரு தேநீர். இன்று நான் பேசப்போவது அதில் சற்றுக் கடினமான வகையைப் பற்றி. மறைபொருள் குறுக்கெழுத்து என்று அதனைச் சொல்லலாம். அதில் ஒரு குறிப்பை விடுவிக்க அகராதியைத் திறப்பது குற்றமா, குறுக்கு வழியா? இதுவே என் கேள்வி.

முதலில் ஒரு சிறிய எடுத்துக்காட்டு. "மண் தொடங்கப் பானை, அரசன் தலையில் ஏறும்." நான்கு எழுத்துச் சொல். படித்தவுடன் மனத்தில் ஒரு குயவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரை நம்பக்கூடாது. 'மண்' என்ற சொல்லின் தொடக்கம் 'ம'. பானை என்பது குடம். இரண்டும் சேர்ந்தால் மகுடம். அரசன் தலையில் ஏறுவது அதுதானே! ஆக, இத்தகைய குறிப்பில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று சொல்லின் நேர்ப்பொருள். மற்றொன்று அந்தச் சொல்லைக் கட்டும் முறை. இரண்டும் ஒரே விடையில் வந்து சந்திக்க வேண்டும்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வெளியிட்டதே முதல் குறுக்கெழுத்து என்பர். அது நேரான கேள்விகளைக் கொண்டது. அதை மறைபொருள் விளையாட்டாக வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். இலண்டனின் அப்சர்வர் வார இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் ஒருவர் புதிர் அமைத்தார். 1939இல் அவர் மறைந்த பின், சிமனீஸ் என்பவர் வந்தார். 1972இல் ஏசட் வந்தார். டார்க்கிமாடா, சிமனீஸ் இரண்டுமே ஸ்பெயின் நாட்டுக் கொடிய மத விசாரணை மன்றத் தலைவர்களின் பெயர்கள். அங்கே தலைமை வகித்த மற்றொருவர் டேசா. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைத் திருப்பிப் போட்டால் ஏசட். அதுவே ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சேர்த்துச் சொன்னது போலவும் ஒலிக்கிறது. அகராதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

வேடிக்கையான பெயர்கள். ஆனால் சிமனீஸ் வலியுறுத்தியது நியாயத்தை. புதிர் அமைப்பவர் நம்மைத் திசை திருப்பலாம், ஏமாற்றக்கூடாது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்க வேண்டும். ஏசட்டின் புதிர்களோடு சேம்பர்ஸ் அகராதியைப் பரிந்துரைக்கும் வழக்கமும் வந்தது. அதாவது, அமைப்பவருக்கும் விடுவிப்பவருக்கும் நடுவே அமர்ந்திருக்கும் நடுவர் அந்த அகராதிதான். நடுவரிடம் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் நண்பர். தாமே புதிர் அமைத்து எனக்குக் கொடுப்பார். அண்மையில் அவர் தந்த குறிப்பு இது: "குதிரை நிலத்தின் முன் நின்றால் பதினாறில் ஒன்று." மூன்று எழுத்து.

என் பேரன் கைப்பேசியில் பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழ்ப் பெயர் என்னவென்று தேடினான். ஒரு நொடியில் 'வீசம்' என்று வந்தது. மூன்றே எழுத்து. பொருளும் சரி. நானும் மகிழ்ச்சியோடு பேனாவில் எழுதிவிட்டேன். சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: "குதிரை எங்கே, தாத்தா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நியாயமான குறிப்பில் குதிரையும் நிலமும் சும்மா நிற்கமாட்டா என்பது எனக்குத் தெரியாததா? கையில் விடை கிடைத்ததும் கேள்வியின் பாதியை மறந்துவிட்டேன்.

இருவரும் உட்கார்ந்தோம். குதிரைக்குப் பரி, புரவி, மா என்று பட்டியல் போட்டோம். நிலத்துக்கு வயல், புலம், காணி என்று எழுதினோம். மூன்று எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'மா'வும் 'காணி'யும் சேர்ந்தால் மாகாணி. இப்படி ஒரு சொல் உண்டா? அவன் கேட்டதே இல்லை. எனக்கும் எங்கோ காதில் விழுந்த நினைவு மட்டுமே. அப்போதுதான் அகராதியைத் திறந்தோம். இருந்தது! மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு.

அகராதி இன்னொன்றும் காட்டியது. 'மா' என்பது குதிரை மட்டுமன்று. இருபதில் ஒரு பங்கும் ஆகும். 'காணி' என்பது நிலம் மட்டுமன்று. எண்பதில் ஒரு பங்கும் ஆகும். பேரன் தாளில் கூட்டிப் பார்த்தான். எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து. அது பதினாறில் ஒன்று! நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடாகச் சொன்ன கணக்கு, ஒரு சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. 'வீசம்' என்று எழுதியதோடு விட்டிருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்குமா?

நான் கைப்பேசியைக் குறை கூறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இணைப்புத் தொகுதி 1939இல் வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அதனை இன்று அதே கைப்பேசியில் இலவசமாகப் பார்க்கலாம். கருவி எதுவானாலும், எந்தக் கேள்வியோடு அதனிடம் போகிறோம் என்பதே முக்கியம். யோசிக்காமல் விடையைக் கேட்பது கையேந்துவது. யோசித்து ஒரு சொல்லைக் கட்டி, 'இது சரியா?' என்று கேட்பது சோதித்துப் பார்ப்பது.

சொல்லிலிருந்து பொருளுக்குப் போவது அகராதியின் வழி. பொருளிலிருந்து சொல்லுக்குப் போவது புதிர் விடுவிப்பவரின் வழி. நம் பழைய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளாகத் தொகுத்துத் தந்தன. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் உண்டு. சொல்லைக் கொண்டு பொருளையும், பொருளைக் கொண்டு சொல்லையும் தேட அவர் அன்றே வழி செய்திருக்கிறார்.

நேயர்களே, நம் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் வீட்டில் தமிழ் அகராதி திறந்து கிடப்பதை அவர்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள்? 'படி' என்று சொல்வதைவிட, ஒரு புதிரை நடுவில் வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். விடை கிடைத்த பிறகும், "எல்லாச் சொல்லுக்கும் வேலை கிடைத்ததா?" என்று அவர்களைக் கேட்க விடுங்கள். புதிருக்கு வெளியேயும் அந்தக் கேள்வி அவர்களுக்கு உதவும்.

என் கட்டத்தில் 'வீசம்' அடிக்கப்பட்டு, அதன்மேல் 'மாகாணி' எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது பேரனின் கை. அந்தத் தாளை நான் அகராதிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.